கூட்டரசு நீதிமன்றம் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

“கோர்ட்டு நெனச்சா நம்ம பள்ளிக்கூடத்த மூடிட முடியுமாங்க?”

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். 2024 நவம்பர் மாதம். தாய்மொழிப் பள்ளிகளை எதிர்த்த வழக்கு புத்ராஜெயாவில், நாட்டின் உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் வாசல்வரை போய்விட்டது என்று எல்லார் கைப்பேசியிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா. அவருடைய அம்மா அங்கே பால்மரம் வெட்டியவர். அவரும் அவர் பிள்ளைகளும் படித்த பள்ளியில்தான் இப்போது பேத்தியும் முதலாம் ஆண்டு படிக்கிறாள். நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் சட்டம் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் ஊரில் என்னிடம் கேட்பார்கள். அன்று நின்றபடியே, “அவ்வளவு சுலபத்தில் முடியாது அக்கா” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதில் போதாது என்று வீட்டுக்கு வந்தபிறகும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கேட்டதற்குள் பல கேள்விகள் இருந்தன. நீதிமன்றத்துக்கு எங்கிருந்து அதிகாரம் வருகிறது? நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நாலைந்து நீதிபதிகள் எப்படிச் செல்லாது என்று சொல்ல முடிகிறது? அந்த நீதிபதிகளை யார் தட்டிக்கேட்பது?

பழைய தோட்ட வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறேன். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், யார் எந்த நிரைக்குப் போக வேண்டும் என்று மேற்பார்வை பார்க்கும் தண்டல் சொல்வார். அது அநியாயம் என்று பட்டால் கிராணியிடம் போகலாம். கிராணி கேட்கவில்லை என்றால் தோட்ட நிர்வாகியான துரை. துரைக்கு மேலே நமக்குத் தெரிந்து யாரும் இல்லை. விதியைப் போட்டவர் துரை, ஆள் வைத்து அதை நடத்தியவர் துரை, விதியை மீறினாய் என்று விசாரித்து 24 மணி நேரத்தில் வீட்டைக் காலி செய் என்றவரும் துரை. நல்ல துரை வாய்த்தால் பிழைத்தோம். எங்கள் பாட்டி தலைமுறை நியாயம் என்று எதிர்பார்த்ததெல்லாம் வருகிற துரையின் குணத்தைத்தான்.

ஒரு நாடு அப்படி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அரசியலமைப்புச் சட்டம் எழுதப்படுகிறது. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், நடத்துவது அரசாங்கம், மீறப்பட்டதா என்று தீர்ப்பது நீதிமன்றம். மூன்றும் வெவ்வேறு கைகள். பள்ளிப் புத்தகத்திலேயே இதைப் படித்திருப்போம். புத்தகம் அதிகம் பேசாத இடம் ஒன்று இருக்கிறது. சட்டம் இயற்றுகிற நாடாளுமன்றமே வரம்பு மீறினால் என்ன ஆகும்? மாநிலச் சட்டமன்றம் தனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டால் யார் நிறுத்துவது? கூட்டரசு நீதிமன்றத்தின் வேலை அங்கேதான் இருக்கிறது. அதை வெறும் ‘கடைசி அப்பீல் கோர்ட்டு’ என்று நினைத்தால் பாதிதான் புரியும்.

நம் கோயில் கமிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கம் என்று பதிவு செய்யும்போதே சட்டவிதிப் புத்தகம் ஒன்று போடுகிறோம். செயலவை எத்தனை பேர், தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, பணத்தை யார் கையெழுத்துப் போட்டு எடுப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு வருடம் செயலவை கூடி, இனித் தலைவர் மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம் என்று தீர்மானம் போட்டால்? அத்தனை பேரும் கை தூக்கியிருந்தாலும் அது செல்லாது. சட்டவிதிப் புத்தகம் தீர்மானத்தைவிடப் பெரியது. மாற்ற வேண்டும் என்றால் பேராளர் கூட்டம் கூட்டி, முறைப்படி விதியையே திருத்த வேண்டும்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 4-ஆவது விதி இதையேதான் நாடு முழுவதற்கும் சொல்கிறது. இந்த அரசியலமைப்பே நாட்டின் தலையாய சட்டம். மெர்டேக்கா நாளுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, பிறகு இயற்றப்படும் எந்தச் சட்டமும் இதற்கு முரணாக இருந்தால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது. ‘முரண்படும் அளவுக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுச் சட்டத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கெட்டுப்போன பகுதியை வெட்டினால் போதும். இங்கிலாந்தில் இப்படி ஒரே ஏடாக எழுதப்பட்ட அரசியலமைப்பு கிடையாது. அங்கே நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ள முடியாது. நாம் பல விஷயங்களை வெள்ளைக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஆனால் இந்த ஒன்றில் 1957-லேயே வேறு வழியில் போனோம். நம் நாட்டில் நாடாளுமன்றம் பெரியதல்ல, அரசியலமைப்புதான் பெரியது.

சரி, நீதிமன்றங்களின் படிக்கட்டை வேகமாகப் பார்த்துவிடலாம். கீழே மாஜிஸ்திரேட் நீதிமன்றம். ஒரு லட்சம் ரிங்கிட் வரையிலான பண வழக்குகள் அங்கே. அதற்கு மேலே செஷன்ஸ், 10 லட்சம் வரை. மோட்டார் வாகன விபத்து இழப்பீடு என்றால் தொகை எவ்வளவு இருந்தாலும் செஷன்ஸில் போடலாம். நம் ஊரில் மோட்டார்சைக்கிளில் விழாத குடும்பம் குறைவு என்பதால் இதை நினைவில் வையுங்கள். அதற்கு மேலே உயர்நீதிமன்றம். நாட்டில் இரண்டு உயர்நீதிமன்றங்கள், மலாயாவுக்கு ஒன்று, சபா சரவாக்குக்கு ஒன்று. ஈப்போவிலும் தைப்பிங்கிலும் நாம் பார்ப்பவை மலாயா உயர்நீதிமன்றத்தின் இருக்கைகள். அப்புறம் மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் கூட்டரசு நீதிமன்றம். கடைசி இரண்டும் புத்ராஜெயாவில் நீதி மாளிகையில் இருக்கின்றன.

‘கூட்டரசு நீதிமன்றம்’ என்ற பெயர் பலரைக் குழப்புகிறது. அமெரிக்காவில் மாநிலங்களுக்குத் தனி நீதிமன்றங்கள், மத்திய அரசுக்குத் தனி நீதிமன்றங்கள் என்று இரண்டு படிக்கட்டுகள் உண்டு. மலேசியாவில் அப்படி இல்லை. மேலே சொன்ன எல்லா நீதிமன்றங்களுமே கூட்டரசின் நீதிமன்றங்கள். பேராக் மாநில அரசு சொந்தமாக மாஜிஸ்திரேட் நீதிமன்றம் நடத்துவதில்லை. மாநிலங்களிடம் இருப்பவை ஷரியா நீதிமன்றங்கள், சபா சரவாக்கில் பூர்வகுடி நீதிமன்றங்கள், அவ்வளவுதான். ‘கூட்டரசு நீதிமன்றம்’ என்று ஒருமையில் சொல்லும்போது மட்டும் அந்த உச்சியில் இருப்பதைக் குறிக்கிறோம்.

அந்த உச்சி எப்போதும் புத்ராஜெயாவில் இருந்ததில்லை. அது இருந்த இடம் லண்டன். சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருடங்கள் நம் வழக்குகளின் கடைசி மேல்முறையீடு பிரிவி கவுன்சில் என்ற பிரிட்டிஷ் நீதிக்குழுவுக்குப் போனது. 1978-இல் குற்றவியல், அரசியலமைப்பு வழக்குகளுக்கு அந்த வழி அடைக்கப்பட்டது. 1985 ஜனவரி 1 முதல் எல்லா வழக்குகளுக்கும். 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவில் புதிதாக வந்தபோதுதான் உச்ச நீதிமன்றம் என்று இருந்தது மறுபடியும் கூட்டரசு நீதிமன்றம் என்ற பழைய பெயரைப் பெற்றது.

எல்லா வழக்கும் உச்சிவரை ஏறாது. செஷன்ஸில் தொடங்கிய குற்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும். சிவில் வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்திடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று சொன்னால் மட்டும் அனுமதி கிடைக்காது. முதல்முறையாக எழும் பொதுவான சட்டக் கேள்வியா, பொதுமக்களுக்கு முக்கியமானதா, அரசியலமைப்பின் ஒரு விதிக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதா என்று பார்ப்பார்கள். நான் வேலை செய்த காலத்தில் கட்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம். வீட்டை விற்று வழக்கு நடத்தியவர் கண்ணீரோடு வந்து நிற்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் நாட்டுக்கே பொருந்தும் ஒரு சட்டக் கேள்வி அவர் வழக்கில் இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது.

இனி நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். அரசியலமைப்பின் கடைசியில் அட்டவணைகள் இருக்கின்றன. ஒன்பதாவது அட்டவணை, எந்த விஷயத்தில் யார் சட்டம் போடலாம் என்று பாகம் பிரிக்கிறது. தற்காப்பு, போலீஸ், குடியுரிமை, தொழிலாளர் நலன், கல்வி எல்லாம் கூட்டரசுப் பட்டியலில். நிலம், ஊராட்சி, இஸ்லாமிய விவகாரங்கள் மாநிலப் பட்டியலில். சில விஷயங்கள் இருவருக்கும் பொது. இது ஏதோ வக்கீல்கள் மட்டும் படிக்கும் பட்டியல் என்று நினைக்காதீர்கள். தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பள்ளியை நகர்த்த வேண்டி வந்த ஊர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். பள்ளி கூட்டரசு விஷயம், அது நிற்க வேண்டிய நிலம் மாநில விஷயம். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது, நிலம் இன்னும் வரவில்லை என்று ஒரு தமிழ்ப்பள்ளி கொள்கலன் வகுப்பறைகளில் காத்திருந்தால் அதற்கு வேர் இந்தப் பாகப்பிரிவினையில்தான் இருக்கிறது.

பாகம் பிரித்தால் எல்லைச் சண்டை வரும். அண்ணன் தம்பி நிலத்துக்கே வருகிறதே. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும், அல்லது மாநிலத்துக்கும் கூட்டரசுக்கும் தகராறு வந்தால் 128-ஆவது விதிப்படி அதை விசாரிக்கும் அதிகாரம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு மட்டும்தான். கீழ்ப்படிகளில் ஏற வேண்டியதில்லை, நேராக உச்சிக்கே போகும். அதேபோல, இந்த விஷயத்தில் சட்டம் போடவே இந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்ற வாதமும் அங்கேதான் போகும். அதற்குக் கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரின் முன் அனுமதி வேண்டும்.

2024 பிப்ரவரி 9-ஆம் தேதி தீர்ப்பு வந்த கிளந்தான் வழக்கு அந்த வகை. ஒரு தாயும் மகளும் போட்ட வழக்கு. கிளந்தான் சட்டமன்றம் இயற்றிய ஷரியா குற்றச் சட்டத்தில் 16 பிரிவுகள் செல்லாது என்று 9 நீதிபதிகளில் 8 பேர் சொன்னார்கள். பலர் இதை இஸ்லாத்துக்கு எதிரான தீர்ப்பு என்று புரிந்துகொண்டார்கள். தீர்ப்பு பேசியது அதையல்ல. அந்தப் பிரிவுகள் தொட்ட குற்றங்கள் கூட்டரசுப் பட்டியலைச் சேர்ந்தவை, அவற்றில் சட்டம் போடும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்பதுதான் சாரம். ஒருவர் எல்லையை இன்னொருவர் தாண்டிய கேள்வி. இதே அளவுகோல் மறுபக்கமும் வேலை செய்திருக்கிறது. 1980-களில் மாமாட் பின் டாவுட் வழக்கில், நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 298ஏ என்ற பிரிவு மாநிலத்தின் எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கூட்டரசு நீதிமன்றத்தின் வேலை எப்படி நடக்கிறது என்பதற்குத் தாய்மொழிப் பள்ளி வழக்கைவிட நல்ல பாடம் நமக்குக் கிடைக்காது.

எதிர்த்தவர்களின் வாதம் இது. 152-ஆவது விதிப்படி தேசிய மொழி மலாய். 1996 கல்விச் சட்டத்தின் 2, 17, 28 ஆகிய பிரிவுகள் தமிழும் சீனமும் பயிற்று மொழியாக உள்ள பள்ளிகளை அனுமதிக்கின்றன. ஆகவே அந்தப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண். ஆனால் அதே 152-ஆவது விதி வேறொன்றும் சொல்கிறது. வேறு எந்த மொழியையும் கற்பதற்கோ கற்பிப்பதற்கோ யாரையும் தடுக்கக் கூடாது. அதிகாரப்பூர்வ நோக்கத்துக்கு அல்லாமல் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது. அரசாங்கத்தின் நோக்கம், பொது அதிகார அமைப்பின் நோக்கம் இரண்டும் அதிகாரப்பூர்வ நோக்கம் என்று அந்த விதியே விளக்கமும் தருகிறது. ஆக, முழு வழக்கும் ஒரு கேள்வியைச் சுற்றி நின்றது. தமிழ்ப்பள்ளி ஒரு பொது அதிகார அமைப்பா?

எதிர்த்தவர்கள் சாய்ந்துகொண்டது 1982-ஆம் ஆண்டின் ஒரு பழைய தீர்ப்பில். சீன மொழியில் கற்பிக்கும் மெர்டேக்கா பல்கலைக்கழகம் தொடங்க அனுமதி கேட்ட வழக்கு. அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பாகிவிடும், எனவே அங்கே சீனத்தில் கற்பிப்பது அதிகாரப்பூர்வ நோக்கத்துக்கான பயன்பாடு என்று கூட்டரசு நீதிமன்றம் அப்போது அனுமதியை மறுத்தது. மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்பதால், 40 வருடத்துக்கு முந்தைய பல்கலைக்கழக வழக்கு நம் தொடக்கப்பள்ளியின் தலைக்கு மேலே தொங்கியது.

2020-இல் ஒருவர் நேராகக் கூட்டரசு நீதிமன்றத்துக்கே போனார். அனுமதி கிடைக்கவில்லை. கல்வி கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. அதில் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதிகாரமே இல்லை என்பது ஒரு வாதம். அதிகாரம் இருந்தும் அரசியலமைப்பின் வேறொரு விதியை மீறிவிட்டது என்பது வேறொரு வாதம். முதலாவதுக்குத்தான் உச்சிக்கு நேர்வழி. இரண்டாவதை உயர்நீதிமன்றத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். பார்க்கச் சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஆனால் வழக்கு எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதையே இது தீர்மானிக்கிறது.

ஏற்கெனவே உயர்நீதிமன்றத்தில் அமைப்புகள் போட்ட வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. 2021 டிசம்பர் 29-ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், இந்தப் பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல, சட்டம் செல்லும் என்றது. 2023 நவம்பர் 23-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசியலமைப்பில் முரண் இல்லை என்றது. எதிர்த்தவர்கள் கூட்டரசு நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டார்கள். 2024 நவம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது.

அனுமதி மறுப்பு என்றால் கூட்டரசு நீதிமன்றம் தமிழ்ப்பள்ளி பற்றி முழுத் தீர்ப்பு எழுதியது என்று பொருளல்ல. கீழ் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அப்படியே நிற்கும் என்று பொருள். அன்று இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், “ஜெயிச்சாச்சு” என்று மட்டும் எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நானும் மகிழ்ந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எதன் மேல் நிற்கிறோம் என்று தெரிந்து மகிழ வேண்டும் என்று நினைக்கிறேன். நம் பள்ளியின் சட்டப் பாதுகாப்பு கல்விச் சட்டத்தில் இருக்கிறது. கல்விச் சட்டத்தை நாடாளுமன்றம் மாற்றலாம். நீதிமன்றம் சொன்னது இந்தச் சட்டம் அரசியலமைப்பை மீறவில்லை என்பதைத்தான். ஆகவே அக்காவுக்குச் சரியான பதில் இது: நீதிமன்றம் தானாக நினைத்து எந்தப் பள்ளியையும் மூட முடியாது. யாராவது வழக்குக் கொண்டுவந்தால்தான் அதற்கு வாய் திறக்கும். வந்த கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

மாமன்னர் கேட்டால் மட்டும் கொஞ்சம் வேறு. 130-ஆவது விதிப்படி, அரசியலமைப்பு விதி ஒன்றின் விளைவு பற்றிச் சந்தேகம் எழுந்தால் மாமன்னர் அதைக் கூட்டரசு நீதிமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். அபூர்வமாக நடப்பது.

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு வழக்கு, ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியர் இந்திராகாந்தியுடையது. 2009-இல் அவருடைய கணவர் இஸ்லாத்துக்கு மதம் மாறி, மனைவிக்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மாற்றிவிட்டார். 2013-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அந்த மதமாற்றச் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015 கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது ஷரியா நீதிமன்றத்தின் எல்லை என்று சொல்லி அதைத் திருப்பிப் போட்டது. 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமனதாக, தாய் தந்தை இருவரும் இருக்கும்போது இருவர் சம்மதமும் வேண்டும், சான்றிதழ்கள் செல்லாது என்றார்கள். ஓர் அதிகாரி சட்டப்படி நடந்தாரா, அரசியலமைப்புக்கு என்ன பொருள் என்று பார்ப்பது சிவில் நீதிமன்றங்களின் வேலை, அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் எழுதினார்கள்.

இந்தத் தீர்ப்பு வந்த மாலை எங்கள் கோப்பிக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் அதே வழக்கு நீதிமன்றத்தின் எல்லையையும் காட்டிவிட்டது. கைக்குழந்தையாகத் தந்தை தூக்கிக்கொண்டு போன கடைசி மகளைத் தாயிடம் சேர்க்கச் சொல்லி உத்தரவு இருந்தது. தந்தையைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி 2016-இலேயே கூட்டரசு நீதிமன்றம் போலீஸ் படைத் தலைவருக்குச் சொல்லியிருந்தது. 2018 தீர்ப்பு வந்த நாளிலும் அந்தத் தாயின் மடி காலியாகத்தான் இருந்தது. நீதிமன்றத்துக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது, சொந்தப் பணம் கிடையாது. தீர்ப்பை எழுதிக் காரணம் சொல்வதுதான் அதன் முழுப் பலம். அதை நிறைவேற்ற அரசாங்கத்தின் கைதான் நீள வேண்டும். எனக்கு இந்த வழக்கில் இன்றும் ஆறாத வருத்தம் அதுதான்.

இவ்வளவு அதிகாரம் உள்ள நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள்? பிரதமரின் ஆலோசனைப்படி, சுல்தான்கள் அடங்கிய ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கலந்தபிறகு மாமன்னர். 2009 முதல் பெயர்களைப் பரிந்துரைக்க நீதிபதிகள் நியமன ஆணையம் ஒன்று இருக்கிறது. 66 வயதுவரை பதவி. இடையில் நீக்க வேண்டுமானால் தனியாக ஒரு நடுவர் மன்றம் அமைத்துதான் முடியும். சம்பளத்தை அவர்களுக்குப் பாதகமாகக் குறைக்க முடியாது. அவர்கள் நடத்தை பற்றி மாநிலச் சட்டமன்றத்தில் பேசவே கூடாது, நாடாளுமன்றத்தில் பேச நாலில் ஒரு பங்கு உறுப்பினர்கள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். தீர்ப்புப் பிடிக்கவில்லை என்று நாளைக்கே ஆளை மாற்ற முடியாதபடி செய்யத்தான் இத்தனை வேலியும்.

வேலி இருந்தும் 1988-இல் அது உடைந்தது. அந்த வருடம் நாடாளுமன்றம் 121-ஆவது விதியைத் திருத்தியது. ‘கூட்டரசின் நீதி அதிகாரம்’ நீதிமன்றங்களிடம் இருக்கும் என்று இருந்த சொற்களை எடுத்துவிட்டு, கூட்டரசுச் சட்டம் கொடுக்கும் அதிகாரங்கள் அவற்றுக்கு இருக்கும் என்று எழுதினார்கள். நீதிமன்றத்துக்கும் அரசாங்கத்துக்கும் உறவு கசந்திருந்த காலம். நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் சாலே அபாஸ், நீதிபதிகள் சார்பில் மாமன்னருக்குக் கடிதம் எழுதினார். மே மாதம் இடைநீக்கம், ஆகஸ்டில் பதவி நீக்கம். அவர் விசாரணை சம்பந்தமாக இடைக்கால உத்தரவு போட்ட 5 உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், அவர்களில் 2 பேர் பதவி இழந்தார்கள். 20 வருடம் கழித்து 2008-இல் அரசாங்கம் நல்லெண்ணமாக அவர்களுக்குத் தொகை கொடுத்தது. 1988-இல் அது நடந்தபோது நான் அலுவலகத்தில் இளம் கிராணி. பெரிய வக்கீல்கள் குரல் தாழ்த்திப் பேசியதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறேன். மூன்று கைகளும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எடுத்த சொற்கள் போனது போனதுதானா? 2017-இல் செமினி ஜெயா என்ற நிறுவனத்தின் நில வழக்கில் இந்தக் கேள்விக்குக் கூட்டரசு நீதிமன்றம் பதில் தேடியது. உலு லங்காட்டில் அரசு எடுத்துக்கொண்ட நிலத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பது தகராறு. நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் 40டி என்று ஒரு பிரிவு இருந்தது. நீதிபதியோடு உட்காரும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் சொல்லும் தொகைதான் முடிவு, நீதிபதி அதை மாற்ற முடியாது. நீதிபதி பெயருக்கு உட்கார்ந்திருக்க, நீதிபதி அல்லாதவர்கள் தீர்ப்புச் சொல்லும் நிலை இது, அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தள்ளியது. 1988 திருத்தம் நீதி அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து பறித்துவிடவில்லை என்றும் எழுதியது. மறு வருடம் இந்திராகாந்தி தீர்ப்பு இதையே இன்னும் உறுதியாகச் சொன்னது. பிறகு 2021-இல் மரியா சின் அப்துல்லா வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் அந்த அளவுக்குப் போக விரும்பவில்லை. ஆக, உச்ச நீதிபதிகளுக்குள்ளேயே இது முடிந்துவிட்ட விவாதமல்ல. என் கருத்து கேட்டால், செமினி ஜெயாவில் சொன்னதுதான் சரி. நிலம் எடுக்கப்படும் ஊரில் வாழ்கிறவனுக்கு, கடைசியில் இருவர் பேச்சையும் கேட்டுத் தன் காரணத்தை எழுத்தில் வைக்கிற ஒரு நீதிபதி வேண்டும்.

நீதிமன்றம் சொல்வது எப்போதும் கடைசி வார்த்தை என்றும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒத்துக்கொண்டால் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தலாம். சில விதிகளுக்கு ஆட்சியாளர்கள் மாநாட்டின் சம்மதமும் தேவை, தேசிய மொழி பற்றிய 152-ஆவது விதி அவற்றில் ஒன்று. தீர்ப்பு பிடிக்காவிட்டால் முறைப்படி அந்த வழி இருக்கிறது.

அந்த அக்கா போன வாரம் இன்னொரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தார். பழைய தோட்டத்தில் அவர்கள் கும்பிடும் முனியாண்டி கோயில் இருக்கும் நிலம் கைமாறப் போகிறதாம். “இதையும் புத்ராஜெயா கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாமாங்க?” என்றார். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, ஒன்பதாவது அட்டவணையை எடுத்துக் காட்டினேன். நிலம் மாநில விஷயம். அது யார் பெயரில் இருக்கிறது, பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டிய இடம் கோலகங்சார் நில அலுவலகம். கோயிலுக்கு அந்தக் காலத் துரை கொடுத்த கடிதம் ஏதாவது இருந்தால் தேடி எடுக்கச் சொன்னேன். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தாள் இருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் பசியாறிவிட்டு அவரும் கோயில் செயலாளரும் நானும் கோலகங்சாருக்குப் போகிறோம்.